கேளாச் செவியில் பிறந்த இசை

இசைமேதை பேத்தோவனின் பெயரை அறியாதவர் சிலரே. ஆனால் செவித்திறன் குன்றிய காலத்தில்தான் அவர் தம் பெரும் படைப்புகளை இயற்றினார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

ஜெர்மனியின் பான் நகரில் பிறந்த அவர், 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம் பெற்றார். 1792இல் வியன்னா சென்று பியானோக் கலைஞராகப் புகழ் பெற்றார். முப்பது வயது நிரம்புமுன்பே காதில் ஓயாத இரைச்சல் தொடங்கியது. உயர்ந்த ஸ்வரங்கள் கேட்கவில்லை. இசைக் கலைஞனுக்குக் காது கேளாது என்று சொல்ல வெட்கி, மக்கள் கூடுமிடங்களைத் தவிர்த்தார். 1801இல்தான் நெருங்கிய நண்பர்களுக்கு எழுதி மனந்திறந்தார். மருத்துவர் தந்த பாதாம் எண்ணெயும் வெந்நீர்க் குளியலும் அவர் செவியைக் குணப்படுத்தவில்லை. 1802இல் மனமுடைந்து மரணத்தையும் எண்ணினார். கலையே அவரைத் தடுத்து நிறுத்தியது.

1818 முதல் நண்பர்கள் தாங்கள் சொல்ல வந்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினர். 1824 மே 7 அன்று ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. கரவொலி அவர் செவியில் விழவில்லை. பாடகி ஒருவர் அவரைச் சபையோர் பக்கம் திருப்பியபோதுதான் அந்த ஆரவாரத்தைக் கண்ணால் கண்டார்.

1827 மார்ச் 26 அன்று அவர் மறைந்தார். மறுநாள் உடலைச் சோதித்த மருத்துவர் செவி நரம்புகள் சுருங்கியிருக்கக் கண்டார். ஆராய்ச்சிக்கென எடுத்து வைக்கப்பட்ட காதெலும்புகள் பின்னர் காணாமற்போயின. ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்னும் நோயே காரணம் என்று சில மருத்துவர் கருதினர். வேறு காரணம் கூறுவோரும் உண்டு. அந்நோயில் நடுச்செவியிலுள்ள மிகச் சிறிய அங்கவடி எலும்பு அசையாமல் இறுகிவிடும். ஒலி உட்செவியைச் சரிவரச் சேராது. இன்று கேட்டல் சோதனையோடு நுட்பமான சி.டி. ஸ்கேன் படமும் எடுத்தால், அந்த எலும்பைச் சுற்றி ஏற்பட்ட மாற்றம் பெரும்பாலும் தென்படும். அறுவை சிகிச்சையால் பலர் மீண்டும் கேட்கின்றனர். சி.டி. ஸ்கேன் முதன்முதலில் நோயாளிக்குப் பயன்பட்டது 1971இல்தான். பேத்தோவனின் காதெலும்புகள் தொலைந்துபோனதால், இன்று அவற்றைப் படமெடுத்துப் பார்க்கவும் வழியில்லை.

அன்புத் தோழியரே! பேத்தோவன் தம் குறையைச் சில ஆண்டுகள் மறைத்துத் தனிமையில் வாடினார். நமக்கு அந்த நிலை வேண்டாம். கரும்பலகையருகே நின்று ஆசிரியை சொல்வது கேட்கவில்லையெனில் கூசாமல் சொல்லுங்கள். கூப்பிட்டும் திரும்பாத தோழியைக் கேலி செய்யாமல், அவள் பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். அவருக்குக் கிட்டாத மருத்துவம் நமக்குக் கிட்டியிருக்கிறது. அவருக்கிருந்த மன உறுதியையும் நாம் பெறுவோமாக!