கதிரவனை ஏவல் கொண்ட ஆசிரியர்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்றிரவு எங்கள் தெரு முழுவதும் இருளில் மூழ்கியது. எங்கோ ஓரிடத்தில் கம்பி அறுந்தால் எல்லா வீடுகளும் இருண்டுதான் ஆகவேண்டுமா என்று மெழுகுவத்தி ஒளியில் அமர்ந்து எண்ணினேன். விடை தேடிப் படித்தபோது பிரெஞ்சு நாட்டு ஆசிரியர் ஒருவரை அறிந்தேன். அவர்தாம் அகஸ்தின் மூஷோ.

1825-இல் பிறந்த மூஷோ பள்ளிகளில் கணிதம் கற்பித்தவர். அந்நாளில் தொழிற்சாலைகள் நிலக்கரியை நம்பி வாழ்ந்தன. நிலக்கரி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற கவலை அவரை வாட்டியது. 1860 முதல் சூரிய வெப்பத்தை ஆராய்ந்தார். பளபளக்கும் உலோகக் கூம்பினால் வெயிலைக் கொதிகலன்மீது குவித்து, எழுந்த நீராவியால் இயந்திரத்தை இயக்கினார். 1869-இல் தம் ஆய்வை நூலாக்கினார். பின்னர் அரசு உதவியுடன் வெயில் மிகுந்த அல்ஜீரியாவுக்கும் சென்று சோதனைகள் நடத்தினார். 1878-இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் வெயிலின் சூட்டைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டினார்! தங்கப் பதக்கமும் பெற்றார்.

ஆனால் விதி வேறாக இருந்தது. இருப்புப்பாதைகள் பெருகின, நிலக்கரி விலை மலிந்தது. சூரிய இயந்திரம் கட்டுபடியாகாது என்று அரசு கைவிட்டது. உலகு வியந்த அப்பெருமகன் 1912-இல் வறுமையில் மறைந்தார்.

அவருடைய அறிவு தோற்கவில்லை. அன்றைய விலைக் கணக்கே வென்றது. ஆரோவில் சமையற்கூடத்தின் கூரையில் வெயிலை நீராவியாக்க அமைக்கப்பட்ட 15 மீட்டர் அகலக் கிண்ணத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு மூஷோவின் நினைவு வருகிறது.

இன்று வீட்டு மாடியிலேயே மின்சாரம் விளைவிக்கலாம். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 வரை மானியம் உண்டு. ஆயினும் மீதிப் பணத்தை முதலில் நாமே திரட்டவேண்டும். வாடகை வீட்டாருக்கு மாடி சொந்தமில்லை. பொது மின்கம்பியோடு இணைந்த தகடுகள், மின்கலம் இல்லாவிடில், மின்தடையின்போது தாமும் நின்றுவிடும். ஆகவே தகடு மட்டும் வாங்கினால் புயல் இரவில் விளக்கு எரியாது.

இத்தடைகளை நீக்கும் வழியை இயற்பியல் மாணவர் மட்டுமன்றி, பொருளாதாரம் பயிலும் நாமும் ஆராயவேண்டும். மூஷோவை வீழ்த்தியது கணக்குதானே! தைத் திங்களில் கதிரவனுக்குப் பொங்கலிடும் நாம், அவனைக் கூரையில் குடியேற்றவும் கற்போமாக!