நோயாளியாகப் படுத்த பொம்மை

நர்சு ஊசி போடுகிறார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். அசைய முடியாத நோயாளியை மெல்லப் புரட்டி, விரிப்பை மாற்றுகிறார். இதை எல்லாம் அவர் எங்கே பழகினார்? முதன்முதலில் யாருடைய கையில் ஊசியைக் குத்திப் பார்த்தார்?

அது ஒரு நோயாளியின் கையாக இருக்க வேண்டியது இல்லை என்று செய்து காட்டியவர், ஒரு பெண்மணி. பெயர் மார்த்தா ஜெங்க்ஸ் சேஸ். அவர் டாக்டரும் அல்ல, நர்சும் அல்ல. பொம்மை செய்கிறவர்!

மார்த்தா, 1851-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். தந்தை டாக்டர். மணந்து கொண்டதும் ஒரு டாக்டரைத்தான்.

சிறு வயதில் அவரிடம் ஒரு துணிப்பொம்மை இருந்தது. பின்னாளில் அதைப் பார்த்து, தாமே பொம்மை செய்யத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பீங்கான் பொம்மைகள் கீழே விழுந்தால் உடைந்துவிடும். மார்த்தாவின் பொம்மை உடையாது. பஞ்சு அடைத்த துணி. மேலே எண்ணெய் வர்ணம். அழுக்கானால் கழுவிக் கொள்ளலாம். கடைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். வீட்டின் பின்புறமே பட்டறை ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஆர்டர்

ஹார்ட்ஃபோர்டு நகர ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைவி லாடர் சதர்லண்டு. அங்கே மாணவிகள் வைக்கோல் அடைத்த உருவங்களிலும், ஒருவர் மேல் ஒருவருமாகப் பழகி வந்தார்கள். வைக்கோல் உருவத்தைக் குளிப்பாட்ட முடியுமா? தோழியின் கையில் எத்தனை முறைதான் ஊசி குத்துவது?

1910-ம் ஆண்டு, ஆள் உயரத்தில் ஒரு பொம்மை வேண்டும் என்று மார்த்தாவிடம் கேட்டார் சதர்லண்டு. மறு ஆண்டே பொம்மை வந்து சேர்ந்தது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்கின. அதற்கு வைத்த பெயர், ‘மிசஸ் சேஸ்’!

1914-ல் வந்த பொம்மையில் கையில் ஊசி போட இடம் இருந்தது. வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. எனிமா கொடுப்பதையும் அதில் பழகலாம்.

பழகுவதற்கு மட்டுமா? பரீட்சைக்கும் இத்தகைய பொம்மை உதவும். எழுத்துப் பரீட்சையில் நூறு மார்க்கு வாங்கியவரும், கட்டிலருகே நின்றதும் திணறலாம். கையைக் கழுவினாரா, மருந்தின் அளவைச் சரிபார்த்தாரா, புரட்டும்போது தலையைத் தாங்கினாரா என்று ஆசிரியை நின்று கவனிக்கலாம். எல்லா மாணவிகளுக்கும் ஒரே நோயாளி, ஒரே சோதனை. தவறினால் மறுபடியும் செய்யச் சொல்லலாம். பொம்மைக்கு வலிக்காது.

அதன் குறையும் அதுவே. முரட்டுக் கையானாலும் பொம்மை முகம் சுளிக்காது. பயந்த நோயாளிக்கு ஆறுதல் சொல்லத் தெரிகிறதா என்பதை அதனிடம் சோதிக்க முடியாது. அதனால்தான் பிற்காலத்தில், நோயாளிபோல நடிக்க ஆட்களையும் அமர்த்தினார்கள்.

மார்த்தா 1925-ல் காலமானார். பிறகும் பல ஆண்டுகள் அவர் கம்பெனி பொம்மை செய்து வந்தது.

இன்று மூச்சு விடும் பொம்மை, நாடி துடிக்கும் பொம்மை எல்லாம் வந்துவிட்டன. நம் நாட்டு நர்சுகள் பிரிட்டனில் வேலை பார்க்க வேண்டுமானால், இப்படிப் பாவனை நோயாளிகள் முன்னால் ஒரு செய்முறைப் பரீட்சையில் தேற வேண்டும். பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இது உண்டு. கை கழுவுகிறாரா என்று அங்கேயும் பார்க்கிறார்கள்.