தயக்கம் பறித்த வெற்றி

புதுவையின் துய்மா வீதியில் நடக்கும் வாசக அன்பரே! அவ்வீதிக்குப் பெயர் தந்த கவர்னர் துய்மா, 1740ஆம் ஆண்டில் மராட்டியருக்கு அஞ்சி வந்த ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தாருக்கு இந்நகரில் அடைக்கலம் அளித்தவர். அக்குடும்பத்தின் மருமகரே சந்தா சாஹிபு. அவருடைய வாழ்க்கையைச் சற்றுச் சிந்தியுங்கள்.

அவர் ஆற்றல் குறைந்தவரல்லர். 1736இல் ராணி மீனாட்சியிடமிருந்து திருச்சியைக் கைப்பற்றினார். 1741இல் அதனை மராட்டியரிடம் இழந்து, ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர்களிடம் சிறைப்பட்டிருந்தார். விடுதலை பெற்று வந்து, 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் துணையுடன் வென்றார். நவாப் அன்வருத்தீன் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார்.

உடனே திருச்சியைத் தாக்குமாறு புதுவைக் கவர்னர் டூப்ளே வற்புறுத்தினார். சந்தா சாஹிபோ காலம் தாழ்த்தினார். படைக்குச் சம்பளம் வேண்டும். தஞ்சையிலிருந்து வரவேண்டிய கப்பத்தை முதலில் வசூலிக்க வேண்டும். காரணங்கள் யாவும் நியாயமானவையே! ஆனால் அவற்றை எண்ணியெண்ணியே மாதங்கள் கழிந்தன. முடிவில் அவர் திருச்சியை விடுத்துத் தஞ்சைக்குச் சென்றார். மன்னர் பிரதாபசிங் பேச்சுவார்த்தையை நீட்டிக்கொண்டே போனார். அதற்குள் நாஸிர் ஜங்கின் பெரும்படை தெற்கே வர, சந்தா சாஹிபு புதுவைக்குப் பின்வாங்க நேர்ந்தது.

1751இல் அவர் திருச்சியை முற்றுகையிட்டபோது நிலைமை மாறியிருந்தது. ஆங்கிலேயர், மைசூரார், மராட்டியர், தஞ்சையார் அனைவரும் முஹம்மது அலியின் பக்கம் சேர்ந்தனர். 1752 ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் சூழப்பட்ட சந்தா சாஹிபு, தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்து, சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இனி, ஹிஜ்ரி 3ஆம் ஆண்டின் உஹதுப் போரை நினைவுகூருங்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பதா, வெளியே செல்வதா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசித்தார்கள். தம் விருப்பத்திற்கு மாறாயினும், வெளியே செல்லும் கருத்தையே ஏற்றுக் கவசம் அணிந்தார்கள். பின்னர்த் தோழர்கள் மனம் வருந்தித் தயங்கியபோதும், அணிந்த கவசத்தைக் களைய அவர்கள் இசையவில்லை.

அன்பரே! மஷ்வரா முடிவுக்கு முன்னர். தவக்குல் முடிவுக்குப் பின்னர். மகளின் திருமணமாயினும் புதிய வணிகமாயினும், அறிந்தோரைக் கலந்து, இஸ்திகாராத் தொழுது முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின், விளைவை அல்லாஹ்விடம் ஒப்படைத்துச் செயலில் இறங்குங்கள்.