திருக்காவலூர் கண்ட தமிழ்த் துறவி

அரியலூரிலிருந்து தெற்கே திருமானூர்ச் சாலையில் சென்று, கொள்ளிடக் கரைப் பக்கம் திரும்பினால் ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் வரும். அடைக்கல மாதா கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஆண்டுதோறும் நம் வட்டாரத்து மக்கள் சமய வேறுபாடு கருதாது அங்கே கூடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆனால், இத்தாலி நாட்டிலிருந்து வந்த துறவி ஒருவர் அந்த ஊரைத் தம் ஊராகக் கொண்டு, அதற்குத் திருக்காவலூர் என்று தமிழ்ப் பெயரும் சூட்டி, அங்கிருந்து தமிழன்னைக்கு அணி பல பூட்டினார் என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அவர்தாம் வீரமாமுனிவர்.

இறைவனை அறிவது எப்படி? கோயிலில் வணங்கும் நேரம் மட்டும் இறைவனுக்கு, எஞ்சிய நேரமெல்லாம் நமக்கு என்று பங்கு போட்டுக்கொள்வது உலக வழக்கு. உழைப்பு வேறு, வழிபாடு வேறு என்று அம்முனிவர் பிரிக்கவில்லை. அவர் வாழ்க்கையை நாம் மீண்டும் நினைத்துப் பார்க்க இதுவே போதிய காரணமாகும்.

பிறப்பும் பயணமும்

இத்தாலியின் மாந்துவாப் பகுதியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். கல்வி முடித்துக் குருப்பட்டம் பெற்று, கடல் கடந்து 1710-இல் கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே மதுரை மிஷன் என்று வழங்கிய தமிழ்நாட்டுப் பணித்தளத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 31 கூட நிறையவில்லை.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் இராபர்ட் தெ நொபிலி காட்டிய வழி இருந்தது. ஐரோப்பிய உடையும் உணவும் துறந்து, தமிழ்நாட்டுத் துறவியர் கோலத்தில் வாழ்ந்து பணி செய்யும் வழி அது. பெஸ்கியும் அவ்வழியே சென்றார். காவியுடுத்தினார், புலால் துறந்தார். தைரியநாதர் என்று முதலில் பெயர் கொண்டார். அப்பெயரே பின்னர்ச் செந்தமிழாகி வீரமாமுனிவர் என நிலைத்தது.

பெயருக்கேற்ப அவருக்கு நெஞ்சுரமும் தேவைப்பட்டது. வந்த சில ஆண்டுகளுக்குள், தென்பாண்டி நாட்டுக் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டுச் சாவின் வாயில் வரை சென்று மீண்டார். அவர் வருவதற்குச் சற்று முன்னர், 1693-இல், ஓரியூரில் ஜான் தெ பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டிருந்தது. ஆகவே, நேரக்கூடியது இன்னதென்று அவர் அறியாதவரல்லர். அறிந்தும் அவர் ஊர் திரும்ப எண்ணவில்லை.

அடைக்கலம் தேடியவர்களின் ஊர்

அக்காலத்தில் கொள்ளிடம் ஓர் எல்லைக்கோடு. தென்கரையில் தஞ்சை மராத்தியர் ஆட்சி. வடகரையில் அரியலூர்ப் பாளையம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதியில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். வீடு வாசல் விட்டு ஓடியவர்களுக்கு, ஆற்றைக் கடந்தால் மழவராயர்களின் பாளையம் புகலிடமாக இருந்தது. ஏலாக்குறிச்சி மாதாவுக்கு அடைக்கல மாதா என்ற பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை இதனால் உணரலாம். அரியலூர்த் தலைவர் ஒருவரைப் பற்றியிருந்த பிளவை நோயை முனிவர் பச்சிலை கொண்டு குணப்படுத்தினார் என்றும், நன்றியாக அவர் நிலம் அளித்தார் என்றும் நம் பகுதியில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

முனிவர் அந்த அன்னையின் மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். ஊர்ப் பெண்கள் அம்மானை ஆடிப் பாடும் மெட்டைக் கேட்டு, கித்தேரி அம்மாள் அம்மானை பாடினார். புலவருக்குக் கலம்பகம், பாமரருக்கு அம்மானை! இருவருக்கும் அவர் நெஞ்சில் இடமிருந்தது.

கற்பிக்க வந்தவர் கற்றார்

முப்பது வயதுக்கு மேல் நாம் ஒரு புதிய மொழியை எழுத்துக்கூட்டிக் கற்பதாக எண்ணிப் பாருங்கள். ஒரு பாடத்தில் சில மதிப்பெண் குறைந்தாலே சோர்ந்து போகிறோம் நாம். அவரோ சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடங் கேட்டார் என்பர். ஓலையும் எழுத்தாணியும் கொண்டு பழகினார். இலக்கணம், நீதி நூல்கள், காப்பியங்கள் எனப் படிப்படியாக ஏறினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து விளக்கம் எழுதினார். தம் வேத நூலைப் போதிக்க வந்தவர், இந்நாட்டு அற நூலைத் தம் நாட்டார்க்கு எடுத்துச் சொன்ன விந்தை இது.

கற்றபோது தாம் இடறிய இடங்களையெல்லாம் பின்வருவோர்க்குச் செப்பனிட்டுக் கொடுத்தார். ஓலையில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது பழைய மரபு. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவர். குறிலா நெடிலா என்று படிப்பவர் தடுமாறுவர். ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவமும், இரட்டைச் சுழிக் கொம்பும் அமைத்து அம்முனிவர் அக்குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நாம் தேர்வுத் தாளில் எழுதும் ஒவ்வொரு ஏகாரத்திலும் அவர் கைவண்ணம் இருக்கிறது.

பழைய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவனுக்கே அவை பயன்படும். 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதியோ சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக வகுத்தது. எழுத்தறிந்த எவனும் பிறர் துணையின்றிப் பொருள் காண வழி பிறந்தது. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம், பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் இலத்தீனில் தனித்தனி இலக்கணம் என அவர் உழைப்பு விரிந்தது.

இவையெல்லாம் புலமை விளையாட்டா? பக்கத்திலிருக்கும் மனிதனின் மொழியை அவன் பேசுவது போலவே அறிந்துகொள்வதை அன்பின் கடமையாகவே அவர் கருதினார் என்று தோன்றுகிறது. அன்பில்லாத ஒருவன் பிறர் மொழிக்காக இத்தனை ஆண்டுகள் கண் விழிப்பானா?

தச்சன் தலைவனான காப்பியம்

அவர் புகழின் கொடுமுடி தேம்பாவணி. 1726-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த இக்காப்பியம் 3 காண்டங்களும், 36 படலங்களும், 3,615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் யார்? நாடு வென்ற மன்னரல்லர். தச்சுத் தொழில் செய்து பிழைத்த சூசையப்பர். இயேசுவை வளர்த்த தந்தை. விவிலியத்தின் நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. உழைத்தார், மனைவியையும் மகனையும் காத்தார், ஆபத்து வந்தபோது அவர்களை அழைத்துக்கொண்டு எகிப்து நாட்டுக்குச் சென்றார். அவ்வளவே.

அத்தகைய ஒருவரைத் தமிழ்க் காப்பியத் தலைவராக்கியதில்தான் முனிவரின் இறையறிவு விளங்குகிறது. இழைப்புளி பிடித்த கையிலும் இறைமை உண்டு. குடும்பம் காக்கும் கடமையிலும் தவம் உண்டு என்பதை அவர் காப்பியமாக்கிக் காட்டினார். சூசை என்னும் பெயருக்கு வளன் என்று தமிழாக்கமும் தந்தார். யூதேயா நாட்டைப் பாடும்போது மழையும் ஆறும் நெல்வயலுமாகத் தமிழ்நாட்டு வளத்தையே தீட்டினார். கொள்ளிடக் கரைக் கழனிகளைக் கண்டு வாழ்ந்தவருக்கு வேறு காட்சி எங்ஙனம் தோன்றும்?

ஒழுக்கமும் நகைச்சுவையும்

ஊர் ஊராய்ச் சென்று மறை போதித்த உபதேசியார்களை அக்காலத்தில் வேதியர் என்றனர். அவர்களுக்காக முனிவர் உரைநடையில் எழுதியது வேதியர் ஒழுக்கம். போதிப்பவனின் நாவினும் நடத்தையே முதன்மையானது என்பது அந்நூலின் உயிர். ஆசிரியத் தொழிலை நாடும் நம் மாணவர்கள் எச்சமயத்தவராயினும் கருதத்தக்க உண்மை இது.

பரமார்த்த குருவின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவர், ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்ததும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பியதும் நம்மை இன்றும் சிரிக்க வைக்கின்றன. எழுதியவரும் ஒரு குருவே! சீடர் புடைசூழ வாழ்ந்த ஒருவர் அறிவற்ற குருவைப் படைத்து நகையாடினார் என்றால், தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கும் பணிவும் அவரிடம் இருந்தது என்றே கொள்ளலாம்.

குறையே இல்லாத மனிதரா அவர்? அல்லர். 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய சொற்போர் கடுமையானது. அன்பு நெறியினருக்கு ஏற்ற மென்மை அதில் இல்லை. எனினும் காலம் ஒரு வேடிக்கை செய்தது. அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான்! சமயத்தில் பகைத்தவர்கள் தமிழில் இணைந்தனர்.

மறைவும் நினைவும்

முதுமையில் அவர் நம் பகுதியை விட்டுத் தென்கடற்கரை சென்றார். மணப்பாட்டில் 1742-இல் மறைந்தார் என்று முன்பு எழுதி வந்தார்கள். சேர நாட்டு அம்பலக்காட்டில் 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் உயிர் நீத்தார் என்பதே இன்று ஆய்வாளர் பெரிதும் ஏற்கும் முடிபு. தாயகம் விட்டு வந்தவர் திரும்பவேயில்லை. 1968-இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

மாணவ நண்பர்களே! சென்னைச் சிலையைக் காணும் வாய்ப்பு நமக்கு எப்போதோ கிடைக்கலாம். ஏலாக்குறிச்சியோ நம் அருகிலேயே இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஒரு நாள் சென்று வாருங்கள். கோயிலை மட்டும் கண்டு திரும்பாமல் ஆற்றங்கரையில் சிறிது அமர்ந்து எண்ணிப் பாருங்கள். அவர் வணங்கிய இறைவனை நாம் வணங்கலாம், வணங்காதிருக்கலாம். ஆனால் கையிலெடுத்த வேலையை வழிபாடாகச் செய்யும் நெறி எல்லோருக்கும் உரியது. வயலில் நாற்று நடும் நம் தாய்க்கும், சிமெண்டு ஆலையில் உழைக்கும் நம் தந்தைக்கும், நூலகத்தில் அமர்ந்து படிக்கும் நமக்கும் அது பொருந்தும். அந்நெறியில் நின்று நம் மண்ணையும் மொழியையும் சிறப்பித்த அம்முனிவரின் புகழ் ஓங்குக!