நிலமளந்த லாம்டன்

திருச்சிராப்பள்ளி மலையுச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்கு, காவிரியும் கொள்ளிடமும் இருபாலும் சூழத் திருவரங்கத் தீவும், அதன் நடுவே அடுக்கடுக்காய் எழுந்த கோபுரங்களும் இனிது புலப்படும். 1987-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தென்புற இராசகோபுரம் 236 அடி உயர்ந்து அவை யாவற்றினும் மேம்பட்டு நிற்கும். அக்கோபுரம் நாம் நிற்குமிடத்திற்கு எத்துணைத் தொலைவிலுள்ளது என ஒருவர் வினவின், ஆற்றைக் கடவாமலே விடை கூறல் கூடுமோ? கூடும். தென்கரையில் நேர்கோடொன்றைச் சங்கிலி கொண்டு பிழையற அளந்து, அதன் இருமுனைகளினின்றும் கோபுரத்தை நோக்கி இரு கோணங்களையும் அளந்து கொள்வோமாயின், எஞ்சிய இரு பக்கங்களின் நீளமும் கணக்கினாற் பெறப்படும். அவற்றுள் ஒன்றை அடிக்கோடாகக் கொண்டு அடுத்ததொரு முக்கோணம் வகுக்கலாம், அதனின்று மற்றொன்று. இங்ஙனம் தொடர்ந்து செல்லின் ஒரு நாட்டையே முக்கோண வலையால் மூடிவிடலாம். பள்ளிச் சிறுவரும் அறிந்த இவ்வெளிய உண்மையைக் கைக்கொண்டு, குமரிமுனை முதல் நடு இந்தியா வரை அளந்த பெரியார் கர்னல் வில்லியம் லாம்டன் ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நிலமளத்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் ஆட்சியில் சோழநாடு முழுதும் அளக்கப்பட்டதும், வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள்வரை கணக்கிடப்பட்டதும் கல்வெட்டுக்களால் விளங்கும். அளந்தவன் உலகளந்தான் என்னும் சிறப்புப் பெயரும் பெற்றான். ஆயினும் அவ்வளவை வயல்களின் பரப்பறிந்து வரி விதித்தற்கு உரியது. ஓரூர் இந்நிலவுலகின்கண் எவ்விடத்தது, பிறிதோரூரினின்று நேர்கோட்டில் எத்துணைத் தொலைவினது, உலகின் உருவந்தான் யாது என்னும் வினாக்களுக்கு அதனால் விடை பெறுதல் இயலாது. அவ்விடையைத் தேடியே லாம்டன் புறப்பட்டார்.

இவர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாகாணத்தில், எளிய உழவர் குடியிற் பிறந்தவர். கணிதத்தில் இளமையிலேயே வேட்கை மிக்கவர். 1781-இல் படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்றார். பிரிட்டிஷ் கானடாவிற்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகட்கும் இடையே எல்லை வகுக்கும் அளவைப் பணியில் பங்குகொண்டார். பின்னர் நியூ பிரன்ஸ்விக்கில் ஆண்டுகள் பல படைக்குடியிருப்பு மேற்பார்வையாளராக இருந்தார். உயர்பதவிக்கு வழிகாட்டுவார் ஒருவருமில்லாத அந்நாட்களை அவர் வீணாக்கினாரல்லர். கணித நூல்களையும் நில அளவை நூல்களையும் தாமே கற்றுத் தேர்ந்தார். நாற்பது வயதைக் கடந்த பின்னரே தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்து சேர்ந்தார்.

1799-இல் மைசூர்ப் போர் நிகழ்ந்த காலை, சீரங்கப்பட்டணத்தின் அருகே ஓரிரவு, தளபதி பெயர்டு என்பாரின் படை வழிதவறி எதிரியின் பாசறையை நோக்கியே நடந்துகொண்டிருந்தது. உடன்சென்ற லாம்டன் விண்மீன்களை நோக்கித் திசை மாறியதை உணர்ந்து தளபதிக்கு எடுத்துரைத்தார். முதலில் அவர் அதனை மதித்திலர். திசையறி கருவியைக் கொண்டு நோக்கியபோது லாம்டன் கூற்றே மெய்யாயிற்று. படை திரும்பிப் பிழைத்தது. விண்ணை நோக்கி மண்ணை அறியும் ஒருவர் தம் படையில் உளர் என்பதை அன்று அதிகாரிகள் கண்டனர்.

திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பெனியார் கைக்குப் பரந்த நிலப்பகுதிகள் வந்தன. அப்பொழுது லாம்டன், தீபகற்பத்தின் கீழ்க்கரையையும் மேற்கரையையும் முக்கோணங்களால் இணைத்து அளக்கவேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தார். அதனோடு, நிலநேர்க்கோட்டின் ஒரு பாகை நீளத்தையும் அளந்து உலகின் உருவத்தை அறியவேண்டும் என்பதும் அவர் உட்கிடை. ஆர்தர் வெல்லெஸ்லி அதனை ஆதரித்தார். சென்னை ஆளுநர் கிளைவு பிரபு இசைவளித்தார். எனினும் பொருளாட்சிக் குழுவினருள் ஒருவர், சீரங்கப்பட்டணம் போக விரும்புவோன் தன் பல்லக்குச் சுமப்போரின் தலைவனிடம் கூறின் போதுமே, அவ்வூர் இருக்குமிடத்தைக் காண இத்துணைப் பொருள் செலவிடுதல் எற்றுக்கு எனக் கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. பயன் உடனே கண்ணிற் படாத அறிவை இகழ்வார் எக்காலத்தும் உளர்.

இனி அவர்க்குக் கருவிகள் கிட்டிய வரலாறு வியப்புடையது. அடிக்கோடு அளத்தற்கான எஃகுச் சங்கிலி 100 அடி நீளமுடையது; இலண்டனில் ராம்ஸ்டன் என்னும் புகழ்பெற்ற கருவிநூல் வல்லுநரால் செய்யப்பெற்றது. அது மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகச் சென்று, ஏற்கப்படாமல், கல்கத்தா வந்து விலைப்பட்டது. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் கருவியோ, வட்டத்தின் விட்டம் 3 அடியும் நிறை ஏறக்குறைய அரை டன்னும் உடையதாய், கேரி என்பாரால் இலண்டனில் ஆக்கப்பெற்றது. அஃது ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கடலிற் கைப்பற்றி மொரீஷியஸ் தீவிற்குக் கொண்டுபோயினர். பெட்டியைத் திறந்து அஃது இன்னதென்றறிந்த பிரெஞ்சு ஆளுநர், பகைவர் பொருளாயினும் அறிவிற்குரிய பொருள் இது எனக் கருதி, பாராட்டு மடலோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்பர். சீனம் மறுத்த சங்கிலியும் பிரான்சு மீட்டளித்த கருவியும் சேர்ந்தே தமிழகத்தை அளக்கலாயின.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலையின் அருகே முதல் அடிக்கோட்டின் அளவை தொடங்கிற்று. ஏறக்குறைய 7½ மைல் நீளமுள்ள அக்கோட்டினை அளக்க 57 நாட்கள் சென்றன. கோடை வெயிலில் எஃகு நீளும், மாலையிற் சுருங்கும். ஆதலின் ஒவ்வொரு முறையும் வெப்பமானியை நோக்கி நீளத்தைத் திருத்திக் குறித்தனர். இத்துணை நுணுக்கம் எதற்கெனின், அடிக்கோட்டில் நேரும் சிறுபிழை முக்கோணந்தோறும் தொடர்ந்து சென்று பெரும்பிழையாய் முடியும்.

அந்நுணுக்கத்தின் பயன் விரைவில் விளங்கிற்று. 1804-இல் பெங்களூரில் மற்றோர் அடிக்கோட்டினை அளந்தபோது, கணக்கினாற் பெற்ற நீளத்திற்கும் சங்கிலியால் அளந்த நீளத்திற்கும் இடையே வேற்றுமை, ஏழு மைலுக்கு 4 அங்குலமும் இல்லை. மங்களூர்க் கரை எய்தியபோது, அதுகாறும் 400 மைல் எனப் படங்களிற் காட்டப்பட்ட தீபகற்பத்தின் அகலம் 360 மைலே எனக் கண்டனர். இல்லாத 40 மைல் நிலத்தை இருப்பதாக நம்பி ஆண்டுவந்தனர் ஆட்சியாளர்!

பின்னர் அவர் தெற்கு நோக்கிச் சென்றார். மலைநாட்டில் முக்கோண முனைகளுக்குக் குன்றுகள் உண்டு. காவிரி பாயும் சமவெளியிலோ தென்னையும் பனையும் மூங்கிலும் பார்வையை மறைக்கும். ஆங்குக் கோயிற்கோபுரங்களே குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் தியோடலைட்டைக் கயிறுகட்டி ஏற்றுகையில், தாங்குகயிறு அறுந்தது; கருவி சுவரில் மோதி, நுண்கோடுகள் பொறித்த பெருவட்டம் நெளிந்துபோயிற்று. உலகளந்தான் என்னும் பெயரை வழங்கிய இராசராசன் எடுத்த கோயிலிலேயே உலகளக்கும் கருவி ஒடிந்ததை விதியின் விளையாட்டென்றே கூறலாம்.

பிறராயின் அத்துடன் அளவையைக் கைவிட்டிருப்பர். இங்கிலாந்தினின்று வேறு கருவி வரவேண்டுமாயின் ஆண்டுகள் பல கழியும். லாம்டனோ ஒருவரையும் கடிந்திலர். கூடாரத்தினுள் தலைமைக் கைவினைஞரை மட்டும் உடன்கொண்டு புகுந்தார். கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பெரிய பலகையொன்றில் பழைய வட்டத்தின் அளவாகவே ஒரு வட்டம் வெட்டி, நெளிந்த விளிம்பை ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக இழுத்து அதனுட் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு கைச்சுத்தியலால் தட்டி நேராக்கினார். ஆறு வாரங்களில் கருவி பெரும்பாலும் முன்னை நிலை எய்தியது. எஞ்சிய பிழையை, ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறிடங்களில் வைத்துப் பன்முறை அளந்து சராசரி காண்பதனால் நீக்கினர். அவ்வொடிந்த கருவியைக் கொண்டே 1809-இல் குமரிமுனை எய்தினார். அவர் வாழ்நாளின் எஞ்சிய அளவையும் அதனாலேயே நிகழ்ந்தது.

இவ்விடத்து இரண்டு செய்திகளை மறைத்தல் தகாது. முதலாவது, இப்பெரும்பணியில் காட்டை வெட்டியவரும், கொடிபிடித்துக் குன்றேறியவரும், கருவியைத் தோளிற் சுமந்தவரும் நம் நாட்டவரே. காய்ச்சலால் வழியில் மாண்டாரும் பலர். அவர்தம் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. இரண்டாவது, இவ்வளவை போரின் பின்னே வந்தது. வென்ற நிலத்தை ஆளுதற்கு உதவுமென்றே கம்பெனியார் பொருளளித்தனர். குன்றின்மேற் கொடிகண்ட ஊரார் படையெடுப்பென ஐயுற்றதும், தொலைநோக்கி தம் மகளிரைக் காணுதற்கென அஞ்சியதும் அறியாமையால் மட்டும் அல்ல. தமக்கு உரைக்கப்படாத ஒரு செயல் தம் மண்மீது நிகழ்ந்தமையாலும் ஆம். அளந்தவர் அறிந்தனர், அளக்கப்பட்டவர் அறிந்திலர். இக்குறை லாம்டனுடையதன்று எனினும், அவர் புகழினூடே ஒரு நிழலாய்க் கிடக்கிறது.

அவர் கண்ட முடிவுகளைக் கல்கத்தாவின் ஆசிய ஆராய்ச்சி இதழும் இலண்டன் இராயல் சங்கத்தின் இதழும் வெளியிட்டன. பிரெஞ்சு அறிவியற்கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராகக் கொண்டது. இராயல் சங்கம் 1817-இல் தன் உறுப்பினராக்கிற்று. நெப்போலியனோடு இங்கிலாந்து பொருதுகொண்டிருந்த காலத்தில் நடந்த அளவையைப் பிரெஞ்சு அறிஞர் போற்றினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1818-இல் இப்பணி இந்தியப் பெருமுக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்டு துணைவராய் வந்து சேர்ந்தார். அளக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 1,65,000 சதுர மைலாயிற்று. எழுபதை அணுகிய அகவையிலும் ஓய்வை விரும்பாத லாம்டன், ஐதராபாத்தினின்று நாகபுரி நோக்கிச் செல்லும் வழியில், காசநோயால் மெலிந்து, 1823 ஜனவரி 20-ஆம் நாள் இங்கண்காட் என்னுமூரில் உயிர்நீத்தார். அவர் கல்லறை அவ்வூரிலேயே உளது.

விட்ட பணியை எவரெஸ்டு தொடர்ந்து 1841-இல் இமயத்தின் அடிவாரம் வரை முடித்தார். இவ்வளவையினின்றே இராதாநாத் சிக்தார் முதலியோர் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணித்தறிந்தனர். உலகின் உருவிற்கு எவரெஸ்டு 1830-இல் கண்ட அளவினை இந்தியாவேயன்றிப் பர்மா, மலாயா முதலிய நாடுகளும் தம் படங்கட்கு அடிப்படையாகக் கொண்டன. ஆயின் அடியை மீட்டராக மாற்றுங்கால் அந்நாடுகள் வெவ்வேறு விகிதங்களைக் கையாண்டமையின், ஒன்றாயிருந்த அவ்வளவு பலவாய்ப் பிரிந்தது. ஒரு நாட்டின் படத்தை மற்றொரு நாட்டின் படத்தோடு எல்லையிற் பொருத்தின், ஆறும் சாலையும் ஒன்றோடொன்று கூடா. தனித்தனியே நன்கு அளந்தும் ஒருங்கு கூடாமையால் விளைந்த இடர் இது.

இவ்விடரை நீக்கவே இக்காலத்து நாடுகள் ஒன்றுகூடியுள்ளன. 2005-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி இந்தியப் பொதுப்படங்கள் உலகப் பொது அளவிற்கு மாற்றப்படலாயின. 2011-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றம் புவியிடத் தகவல் மேலாண்மைக்கென வல்லுநர் குழுவொன்றை நிறுவிற்று. 2015 பிப்ரவரி 26-இல் பொதுப்பேரவை, உலகிற்கெல்லாம் பொதுவான அளவைச் சட்டகத்தை எல்லா நாடுகளும் கூடிப் பேணவேண்டும் எனத் தீர்மானித்தது. காரணம் எளிது. இந்திய நிலத்தட்டே ஆண்டுதோறும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. நகரும் தோணியில் இருப்பவன் தன் இருப்பிடத்தைத் தோணியை மட்டும் நோக்கி அறியான். கரையையும் விண்மீனையும் நோக்கவேண்டும். ஒரு நாட்டின் நிலையங்கள் பிற நாடுகளின் நிலையங்களோடு சேர்ந்து தொலைவிண்ணை நோக்கினாலன்றித் தன் ஊர் எங்குள்ளதெனத் துணிய வல்லார் இன்று எவருமிலர். 2022 அக்டோபரில் இத்துறைபற்றிய ஐக்கிய நாடுகளின் உலக மாநாடு, லாம்டன் தம் இறுதிப் பயணத்தைத் தொடங்கிய அதே ஐதராபாத்தில் கூடியது.

நிழலாய்க் கிடந்த குறையும் ஒருவாறு நீங்கிவருகிறது. இந்தியர் தம் நாட்டின் படத்தைத் தாமே ஆக்குதற்கு முன்னிசைவு பெறவேண்டியிருந்த நிலை, 2021 பிப்ரவரி 15-ஆம் நாள் அரசு வெளியிட்ட நெறிமுறைகளால் பெரிதும் தளர்ந்தது. இஃது ஏட்டளவிற் போற்றத்தக்கது மட்டுமன்று. 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போனதை இந்நகரத்தார் மறவார். அவ்வெள்ளம் குடகில் தோன்றி, கருநாடகத்து அணைகளையும் மேட்டூரையும் கடந்து வந்தது. மேலே ஓரிடத்துக் குறித்த நீர்மட்டத்தைக் கீழே உள்ளோர் தம் கரையின் உயரத்தோடு ஒப்பிட்டறிய வேண்டுமாயின், இருவர் அளவும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அறிந்ததை ஒருவர்க்கொருவர் காலத்தே உரைத்தலும் வேண்டும். திருவரங்கத் தீவிற் குடியிருப்போர்க்கு இஃது உயிரோடு தொடர்புடைய செய்தி.

லாம்டன் வரலாற்றினின்று நாம் கொள்ளுவது இதுவே. மூன்றாம் புள்ளியை அறிய வேண்டுமாயின் இருபுள்ளிகள் வேண்டும், ஒன்றினால் ஆவதில்லை. பகை நாட்டார் திருப்பித் தந்த கருவியால் அவர் அளந்தார். பெயர் அறியப்படாத நம்மவர் தோள்வலியால் அளந்தார். தனித்து நின்று நிலத்தைக் கைப்பற்றலாம்; தனித்து நின்று அதனை அளந்தறிதல் இயலாது. கணிதமும் நிலநூலும் பயிலும் நம் மாணவ அன்பர்கள் சென்னை செல்லுங்கால், பரங்கிமலையின் புனிதத்தை வணங்கும் அளவோடு அமையாது, அங்கு முதற்சங்கிலி விரிக்கப்பட்டதையும், அச்சங்கிலி எந்நாட்டிற்குக் காணிக்கையாகச் சென்று மீண்டதென்பதையும் ஒருகணம் எண்ணுவாராக.