முத்துசுவாமி தீட்சிதர்

முத்துசுவாமி தீட்சிதர் (1775/76 - 1835) கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவர். தியாகராஜர், சியாமா சாஸ்திரிகள் ஆகியோரைப் போலவே இவரும் திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதர் அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர், தாயார் சுப்பம்மாள்.

இளமை

சென்னையை அடுத்த மணலியின் செல்வந்தர் முத்துகிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தை ஆதரித்தார். அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் கேட்ட ஆங்கிலேய இசை மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழிச் சொற்களை அமைத்தார். இவை நொட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. தம்பி பாலுசுவாமி அங்குதான் வயலின் கற்றார். பின்னர் சிதம்பரநாத யோகி முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துச் சென்று ஸ்ரீவித்யா உபாசனையைக் கற்பித்தார். இந்துஸ்தானி துருபத் இசையும் அங்கு இவருக்கு அறிமுகமாயிற்று. குரு காசியிலேயே மறைந்தார். சீடர் தனியே தெற்கு திரும்பினார்.

திருத்தணியில்

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணிக்கு வந்தபோது, முதியவர் ஒருவர் இவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்ததாகவும், உடனே முதற்பாடல் பிறந்ததாகவும் மரபு கூறுகிறது. இது செவிவழிக் கதையே. எனினும் முதற்பாடலாகக் கருதப்படும் ஸ்ரீநாதாதி குருகுஹோ, இசை பயிலத் தொடங்குவோர் முதலில் கற்கும் மாயாமாளவகௌளை இராகத்தில், சரளி வரிசையை ஒத்த எளிய ஏற்ற இறக்கத்துடன் தொடங்குவது கவனிக்கத்தக்கது.

இது எட்டு வேற்றுமைகளிலும் அமைந்த எட்டுப் பாடல்களுள் முதலாவது. இரண்டாம் பாடல் குருகுகனின் வடிவைத் தொழுமாறு மனத்தை அழைக்கிறது. ஐந்தாம் வேற்றுமையில் அவனின் வேறான ஒன்றை அறியேன் என்கிறார். ஆறாவதில் அவனுடைய அடிமை என்கிறார். விளி வேற்றுமையில் கரையேற்ற வேண்டுகிறார். இலக்கணமே இங்கு வழிபாடாகிறது. குரு, குகன் என்னும் இரு சொற்கள் ஒரே பெயரில் இணைவதால், இழந்த ஆசானும் மலைமேல் உள்ள முருகனும் இப்பாடல்களில் ஒன்றாகின்றனர். அதன்பின் இவர் பாடல்களில் முத்திரையாக வருவது குருகுக என்பதேயன்றி இவரது சொந்தப் பெயர் அன்று.

ஐரோப்பாவின் பரோக் காலத்து இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக் (1685 - 1750), ஞாயிறு வழிபாட்டுக்கென எழுதிய கன்டாட்டாக்கள் பலவற்றின் இறுதியில், இறைவனுக்கே மகிமை எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளை இட்டார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். பாக்கின் பாடல் திருநாளுக்கு உரியது; தீட்சிதரின் பாடல் பெரும்பாலும் ஒரு தலத்துக்கும் அங்குள்ள தெய்வத்துக்கும் உரியது.

பிற்காலம்

திருவாரூரில் கமலாம்பா நவாவரணப் பாடல்களை இயற்றினார். தஞ்சை நால்வர் இவரிடம் பயின்றனர். பாலுசுவாமி எட்டயபுரம் அரசவை வித்துவானாக இருந்தமையால் இறுதியில் அங்குச் சென்றார். 1835 தீபாவளி நாளில், மீனாட்சி மீதான தம் பாடலைச் சீடர்கள் பாடிக்கொண்டிருக்கையில் உயிர்நீத்தார் என்பர். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, இவருடைய இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைச் சுரக்குறிப்புடன் தருகிறது. இவரது சமாதி எட்டயபுரத்தில் உள்ளது.