ஆக்கலும் காத்தலும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தொன்றில் உள்ள சிறிய பட்டறைக்கு மாதம் ஒருமுறையேனும் போய் வருவது, பணி ஓய்வுக்குப் பிறகு என் வழக்கமாகிவிட்டது. முதலில் வானொலி, பிறகு தொலைக்காட்சி, இப்போது கைப்பேசி எனப் பட்டறையின் பெயர்ப்பலகை மூன்று முறை மாறியிருக்கிறது. உள்ளே அமர்ந்திருப்பவர் மட்டும் மாறவில்லை.

சென்ற முறை, வீட்டுப் பரணில் கிடந்த பழைய விடியோ கேம் கருவி ஒன்றைப் பேரனுக்காக எடுத்துச் சென்றிருந்தேன். 1990-களில் என் மகன் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடியது அது. கேசட்டைச் செருகும் இடத்திலுள்ள உலோகப் பட்டைகளை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் அவர் துடைத்தார். உப்பிப் போயிருந்த இரண்டு கண்டன்சர்களைக் கழற்றி, புதியவற்றை ஈயத்தால் பற்ற வைத்தார். இன்றைய தொலைக்காட்சிக்குப் பழைய இணைப்பு பொருந்தாது என்பதால் இடையில் ஒரு சிறு மாற்றியைக் கோத்தார். கருவி உயிர் பெற்றது. செலவு, உணவகத்தில் இருவர் மதிய உணவு உண்ணும் தொகையைத் தாண்டவில்லை.

அவருடைய மேசைக்கு அடியில் பழைய கணினி ஒன்றின் உடல் கிடந்தது. அதைக் கண்டதும் என்னுள் ஓர் உறுத்தல் எழுந்தது. நான் பணியாற்றிய கல்லூரியில், இயங்காத கணினிகளைக் கழிவு செய்யும் குழுவில் உறுப்பினராக இருந்தேன். பயன்பாட்டுக்கு உகந்தவை அல்ல என்று எழுதப்பட்ட பட்டியலில், ஒன்றையும் திறந்து பாராமல் கையெழுத்திட்டேன். அவை எடைக்கு எடை ஏலம் போயின. இதை நான் சொன்னபோது, அவர் குறை கூறும் தொனியின்றி ஒரு செய்தியைத் தெரிவித்தார். அத்தகைய கணினிகளில் பெரும்பாலும் பழுதாவது மின்வழங்கிப் பெட்டியும், மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரியும்தானாம். பேட்டரி கசிந்து செம்புக் கோடுகளை அரிப்பதற்கு முன் அதை மாற்றிவிட்டால், இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்குமாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குத் தேய்மானம் கற்பித்தவன் நான். தேய்மானத்தைத் தடுக்க இயலும் என்பதை அன்றுதான் கற்றேன்.

வீடு திரும்பும் வழியில் ஒரு மனிதரைப் பற்றிய நினைவு வந்தது. இந்தியாவில் கணினியைக் கட்டியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர். கணினியைக் காக்கும் ஒரு நிறுவனம் உருவாகவும் காரணமாக இருந்தவர். அவர் பிறந்து நூறாண்டு நிறைவுறும் காலம் இது. அவர் பேராசிரியர் ஆர். நரசிம்மன்.

ரங்கசாமி நரசிம்மன் 1926 ஏப்ரல் 17 அன்று சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கேயே தங்கியிருந்தால் வசதியான வாழ்வு வாய்த்திருக்கும். ஆனால், 1954-இல் நாடு திரும்பி, ஹோமி பாபா தலைமையில் இயங்கிவந்த மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அப்போது இந்தியாவில் கணினி என்ற சொல்லே புதிது. கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கணினியைத் தருவித்தது. மும்பையில் இருந்தவர்களோ வேறு முடிவெடுத்தார்கள்: வாங்குவதில்லை, கட்டிப் பார்ப்பது. நரசிம்மன் தலைமையில் இளம் பொறியாளர்களின் சிறு குழு அமைந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவான கணினிகளைப் பற்றிய எழுத்துகளே அவர்களுக்கு முதன்மையான வழிகாட்டி. நேராக முழு இயந்திரத்தில் அவர்கள் கை வைக்கவில்லை. முதலில் ஒரு சிறிய முன்னோடி இயந்திரத்தை அமைத்து, 1956-இல் இயக்கிப் பார்த்தார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டு கட்டிய முழுக் கணினி, 1960-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களால் ஆன இயந்திரம் அது. வானொலிப் பெட்டியில் நாம் வால்வு என்று அழைத்தோமே, அதே குழாய்கள்தாம். ஒவ்வொன்றும் 40 இருமங்கள் கொண்ட 2,048 சொற்களே அதன் நினைவகத்தின் கொள்ளளவு. இன்றைய கணக்கில் பத்து கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. ஆயினும், அறிவியலாளர்களின் கணக்குகளைத் தீர்க்க அந்த இயந்திரம் இரவும் பகலும் உழைத்தது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

டிஃப்ராக் பயன்பாட்டுக்கு வந்த நாளிலேயே பழமையாகிவிட்டது என்பது கசப்பான உண்மை. அதற்குள் உலகம் வால்வுகளை விட்டு டிரான்சிஸ்டருக்கு மாறியிருந்தது. 1964-இல் அமெரிக்காவில் தயாரான புதிய பெரிய கணினி மும்பைக்கு வந்தது. அடுத்து வந்த காலத்தில் டிஃப்ராக் ஓய்வு பெற்றது. வரவு செலவுக் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் இதை வீண் செலவு என்று எழுதிவிடக்கூடும்.

ஆனால், பொருளியலில் வேறொரு கணக்கும் உண்டு. நேரு பெயர் சூட்டிய அதே 1962-இல், கென்னத் ஆரோ என்ற பொருளியலறிஞர் 'செய்து கற்றல்' குறித்த புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். உற்பத்தியில் ஈடுபடுபவர் பெறும் அனுபவமும் ஒரு மூலதனமே. அது இயந்திரத்தோடு தேய்ந்துவிடுவதில்லை என்பது அதன் சாரம். ஆயிரக்கணக்கான வால்வுகள் எரியும் இயந்திரத்தில் ஏதேனும் ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும். எந்த இழையில் மின்னோட்டம் அறுந்தது, எந்தப் பற்றில் ஈயம் விட்டது என்று தேடித் தேடியே அக்காலப் பொறியாளர் இயந்திரத்தை அறிந்தார். டிஃப்ராக் பழையதாகியது. அதைக் கட்டியவர்களின் அறிவு பழையதாகவில்லை.

1960-களின் தொடக்கத்தில் நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். படங்களைக் கணினி எவ்வாறு புரிந்துகொள்ளும் என்ற வினாவை அங்கு எடுத்துக்கொண்டார். ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் ஒரு படத்துக்கும் இலக்கணம் உண்டு என்ற அணுகுமுறையில் அவர் செய்த ஆய்வுகள், அத்துறையின் தொடக்ககால அடித்தளங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றன. அங்கும் அவர் நிலைத்துவிடவில்லை. மீண்டும் மும்பைக்கே திரும்பினார். 1965-இல் உருவான இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார்.

இனி, அவருடைய வாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருகிறேன். 1960-களிலும் 1970-களிலும் இந்தியக் கணினிச் சந்தை பெரும்பாலும் ஐபிஎம் நிறுவனத்தின் கையில் இருந்தது. பிற நாடுகளில் பயன்படுத்தித் திரும்பப் பெற்ற 1401 வகைக் கணினிகளை இங்கே புதுப்பித்து, அந்நிறுவனம் வாடகைக்கு விட்டது. உலகம் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்ட பிறகும் நாம் பழைய இயந்திரத்துக்கு உயர்ந்த வாடகை செலுத்துகிறோமே என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை எழுந்தது. 1973-இல் இயற்றப்பட்ட அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஐபிஎம் இணங்கவில்லை, 1978-இல் நாட்டைவிட்டு வெளியேறியது.

அந்த வெளியேற்றம் சரியா, தவறா என்ற விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை. வகுப்பறையில் இரு தரப்பு வாதங்களையும் நான் முன்வைத்திருக்கிறேன். எனினும், ஒரு கேள்வியை நாங்கள் எவரும் கேட்டதில்லை. நிறுவனம் போய்விட்டது, நாடெங்கும் அது விட்டுச் சென்ற இயந்திரங்களை மறுநாள் காலையில் பழுது பார்த்தவர் யார்?

அதற்கான விடை முன்கூட்டியே தயாராக இருந்தது. 1975 டிசம்பரில் இந்திய அரசு கணினிப் பராமரிப்புக் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தது. பின்னாளில் சி.எம்.சி. என்று அறியப்பட்டது இதுவே. இந்நிறுவனம் உருவானதில் நரசிம்மனின் பங்கு முக்கியமானது. ஐபிஎம் வெளியேறியதும், 800-க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த அதன் கணினிகளின் பராமரிப்பைச் சி.எம்.சி. பொறியாளர்கள் ஏற்றார்கள். நாளடைவில் பிற வெளிநாட்டு நிறுவனங்களின் கணினிகளும் அவர்கள் பொறுப்பில் வந்தன.

பராமரிப்பு என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கி ஒரு நாடு தன் கணினி நிறுவனத்தைத் தொடங்கியது என்பதை எண்ணிப் பாருங்கள். பலருடைய கருவிகளைப் பழுது பார்த்துப் பழகிய அந்த நிறுவனமே, 1980-களின் நடுப்பகுதியில் ரயில்வேயின் கணினிமய முன்பதிவு அமைப்பை உருவாக்கியது. வேறு வேறு நிறுவனங்களின் இயந்திரங்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு, அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதும் கைவந்திருக்கும் என்பதே என் கருத்து. சி.எம்.சி. 2001-இல் டாடா குழுமத்தின் வசம் சென்று, 2015-இல் டி.சி.எஸ். நிறுவனத்துடன் இணைந்தது. பராமரிப்பு என்ற சொல் அதற்கு முன்பே பெயரிலிருந்து சுருங்கி எழுத்துகளாகிவிட்டது.

நரசிம்மனுக்கு 1977-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அவருடைய நாட்டம், குழந்தை எவ்வாறு மொழியைக் கற்கிறது என்பதில் திரும்பியது. தமிழ் பேசும் வீட்டில் வளரும் ஒரு குழந்தையின் மழலையைத் தொடர்ந்து ஒலிப்பதிவு செய்து, சக ஆய்வாளருடன் ஆராய்ந்தார். மொழிக் கற்றல் குறித்த அவருடைய நூல் 1998-இல் வெளிவந்தது. இயந்திரத்தில் தொடங்கியவர் மழலையில் வந்து நின்றது வியப்புக்குரியதன்று. இரண்டிலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: இது எப்படி இயங்குகிறது? 2007 செப்டம்பர் 3 அன்று அவர் மறைந்தார்.

இக்கதைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். அண்மையில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைப் பக்கம் போயிருந்தேன். மலைக் கிராமத்துப் பள்ளி ஒன்றில் துணியால் மூடிய கணினிகள் வரிசையாக இருந்தன. சில இயங்கவில்லை. மலைக்கு மேலே வந்து பழுது பார்ப்பதற்கு ஆளில்லை. கீழே இறக்கிக்கொண்டு போவதற்கும் தொகை ஒதுக்கீடில்லை. ஆனால், அங்கிருந்த இளம் ஆசிரியர் ஒருவர் சோர்ந்துவிடவில்லை. ஒன்றின் மின்வழங்கியையும் மற்றொன்றின் நினைவகச் சில்லையும் எடுத்துப் பொருத்தி, இறந்த இரண்டு கணினிகளிலிருந்து உயிருள்ள ஒன்றை உருவாக்கியிருந்தார். சுற்றி நின்ற பழங்குடிக் குழந்தைகள் கணினியைக் காட்டிலும் அது திறக்கப்பட்ட விதத்தைப் பற்றியே என்னிடம் ஆர்வமாகப் பேசினார்கள். டிஃப்ராக்கைக் கட்டிய இளைஞர்களின் முகத்திலும் இதே ஒளி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நம்முடைய நிதி ஒதுக்கீட்டு முறையில் ஒரு குறை உண்டு. புதிய கருவி வாங்குவது மூலதனச் செலவு. அதற்குத் திறப்பு விழா உண்டு. பழையதைப் பேணுவது நடப்புச் செலவு; சிக்கனம் என்றால் முதலில் வெட்டப்படுவது அதுதான். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட எத்தனையோ கணினிகள், பேட்டரி செத்ததால் மட்டுமே அலமாரிகளில் உறங்குகின்றன. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பழுது நீக்கும் உரிமை குறித்து மத்திய அரசு 2022-இல் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், உரிமை இருந்தால் மட்டும் போதாது. பழுது நீக்கும் கையும் வேண்டும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உளி பிடிக்கும் கை அறிவுடைய கை என்று அதன் மூலம் ஒப்புக்கொண்டோம். ஈயப்பற்று வைக்கும் கையையும் அவ்வாறே ஒப்புக்கொள்ள வேண்டாமா? ஒவ்வொரு கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் ஒரு பழுது நீக்கும் கூடம் அமையலாம். கழிவுப் பட்டியலில் சேர்வதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் மாணவர்கள் திறந்து பார்க்கட்டும். கணினி வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, அதைப் பேணுவதற்கென்றே அரசு எழுதி வைக்கட்டும். என் ஊர்ச் சந்தில் அமர்ந்திருப்பவரைப் போன்றவர்களை ஆண்டுக்குச் சில நாள்களேனும் மலைப்பள்ளிகளுக்கு மதிப்பூதியம் தந்து அழைத்துச் செல்லலாம். அவருக்கு அடுத்து அந்தப் பட்டறையில் அமர எவரும் பழகவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஆக்கலையும் காத்தலையும் இருவேறு தொழிலாக நாம் பிரித்துவிட்டோம். ஒன்றுக்கு மாலையிட்டோம், மற்றொன்றைச் சந்துக்குள் ஒதுக்கினோம். நரசிம்மனின் வாழ்வில் அவை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவருக்கு நூற்றாண்டு விழா எடுப்பவர்கள் மண்டபம் தேட வேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் ஏதேனும் ஒரு பள்ளியின் கணினி அறையைத் திறந்தால் போதும். அப்படி ஓர் அறை திறக்குமானால் அங்கே போய், ஒன்றையும் திறந்து பாராமல் கையெழுத்திட்ட இந்தக் கையால் திருப்புளி பிடிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.